இரவல் குடமும் இரவல் நாற்காலியும்

காலை எட்டரை மணிக்கே தாவரவியல் துறையிலிருந்து எட்டு நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. ஒவ்வொன்றின் முதுகிலும் அந்தத் துறையின் பெயர் வெள்ளைப் பெயிண்டில் கொட்டை எழுத்தாக இருந்தது. அட்டெண்டர் வேதாச்சலம் அவற்றை முதுகு சுவரோடு ஒட்டும்படி வரிசையாகப் போட்டுவிட்டு, இரண்டடி தள்ளி நின்று அழகு பார்த்தார்.

"யாராச்சும் பின்னால எட்டிப் பார்த்துட்டா?" என்று கேட்டார் ஏசுரத்தினம்.

"பார்த்தா இன்னா சார், செடி கொடியும் நாமளே சொல்லித் தரோம்னு சொல்லிட்டாப் போச்சு."

ஏசுரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு மணிக்குக் கமிட்டி வருகிறது. அதற்குள் இன்னும் பாதி வேலை கிடந்தது.

திருப்பதியில், மலையடிவாரத்தில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் பப்ளிக் அபேர்ஸ் ஸ்கூல் அது. பெயரைக் கேட்டு மிரண்டுவிட வேண்டாம். ஒரு காலத்தில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையாக இருந்த இடத்துக்குச் சுவர் எழுப்பி, ஓடு போட்டு, பெயர்ப்பலகை மாட்டியிருந்தார்கள். அரசாங்கம் மக்களிடம் எப்படிப் போய்ச் சேர வேண்டும், பஞ்சாயத்து என்றால் என்ன, மனு என்றால் என்ன என்று இருபத்திரண்டு மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும், அவர்களைக் கிராமங்களுக்கு அழைத்துப்போய்க் குறைகளைக் கேட்டு எழுதி வருவதும் அதன் வேலை. தலைவர் ஏசுரத்தினம். அவருக்குக் கீழே ஓர் இளம் விரிவுரையாளர். பிறகு வேதாச்சலம், ஒரு பீரோ, ஒரு டைப்ரைட்டர். படையும் பட்டாளமும் இவ்வளவுதான்.

ஏசுரத்தினம் நல்ல வாத்தியார். ஆனால் ஒரு குணம் உண்டு. சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். கிழிந்த சட்டையானாலும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்துதான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார்கள். இல்லை என்ற சொல் வாசற்படி தாண்டக் கூடாது என்று அவருடைய நைனா வளர்த்திருந்தார். அதனால் வருஷா வருஷம் கமிட்டிக்கு அறிக்கை எழுதும்போது, ‘சாதனைகள்’ என்ற பகுதிக்குப் பன்னிரண்டு பக்கம் எழுதுவார். ‘கிராமத் தொண்டு’ எட்டுப் பக்கம். ‘தேவைகள்’ என்ற பகுதிக்கு வந்ததும் பேனா கூசும். "மேலும் வசதிகள் கிடைத்தால் நலம்" என்று ஒரே வரியோடு முடித்துவிடுவார்.

மூன்று வருஷமாகக் கமிட்டி ஒரு துரும்பும் கொடுக்கவில்லை. சாதனை போதவில்லைபோல என்று நினைத்து, வருஷத்துக்கு வருஷம் அதைக் கொஞ்சம் ஊதிப் பெருக்கினார். போய் வந்த ஆறு ஊர்கள் அறிக்கையில் பத்தொன்பது ஊர்கள் ஆயின. இந்த 1978ஆம் வருஷமோ நிலைமை கழுத்தை நெரித்தது. இந்த ஸ்கூல் தனியாக இருக்க என்ன அவசியம், அரசியல் துறையோடு சேர்த்துவிட்டால் என்ன என்று கமிட்டியே கேட்டு எழுதியிருந்தது. சேர்த்துவிட்டால் பாடம் இருக்கும். கிராமத்துக்குப் போகிற வேலை அதோடு நின்றுவிடும். ஏசுரத்தினம் உயிரை விட்டு வளர்த்தது அந்த வேலையைத்தான்.

முந்தின நாள் வீட்டில் அறிக்கையை மனைவி யூனிஸுக்குப் படித்துக் காட்டினார். காரைமேடு என்ற ஊரைப் பற்றிய பக்கம் அவருக்கு ரொம்பப் பிடித்த பக்கம். அதன் நகல் ஒன்றை அந்தப் பகுதிப் பஞ்சாயத்துச் சமிதி ஆபீசுக்கும் முன்பே அனுப்பியிருந்தார். ‘குறையற்ற கிராமம். குடிநீர் தாராளம். வீட்டுக்குச் சராசரி ஒன்பது பித்தளைக் குடங்கள்.’

யூனிஸ் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். "ஏங்க, அந்த ஊருக்கே நாம குடி போயிடலாமே. இங்க குழாயில ஒருநாள் விட்டு ஒருநாள்தானே தண்ணி வருது."

"கிண்டல் பண்ணாதே. அந்த ஜன்னல் திரையைக் கழட்டிக் குடு. ஸ்கூல்ல மாட்டணும்."

"சமையக்கட்டுத் திரையா? அதுல மஞ்சக் கறை இருக்குது."

"தூரத்திலேருந்து பார்த்தா தெரியாது" என்றார் கணவர்.

அப்படித்தான் அந்தத் திரையும் இப்போது ஸ்கூல் ஜன்னலில் தொங்கியது. பொது நூலகத்திலிருந்து வந்த புத்தகங்கள் பீரோவில், முத்திரை தெரியாதபடி அடுக்கப்பட்டிருந்தன. மழை ஒழுகிய சுவர்க்கறைமேல் இந்திய தேசப்படம் ஏறியது.

மணி பத்தேகாலுக்கு, இடுப்பில் ஒரு பித்தளைக் குடமும் கையில் ஒரு மஞ்சள் பையுமாக ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"சாரே, காரைமேட்டுல தண்ணி கீதுன்னு எழுதினது யாரு?"

ஏசுரத்தினம் எழுந்தே நின்றுவிட்டார். "நாங்கதாம்மா. உள்ள வாங்க, உக்காருங்க. எங்கேருந்து வரீங்க?"

"காரைமேட்டுலேருந்துதான். எம் பேரு ஜெயம்மா. வரதய்யபாளையத்துலேருந்து நாலு மைலு உள்ள. முதல் பஸ்ஸைப் புடிச்சி சத்தியவேடு வந்து, புத்தூரு வந்து, அங்கேருந்து இங்க. நின்னுக்கினே வந்தேன்."

வேதாச்சலம் கமிட்டிக்கு வாங்கி வைத்திருந்த பிளாஸ்கிலிருந்து ஒரு தம்ளர் காபி ஊற்றிக் கொடுத்தார். ஜெயம்மா முக்கால் தம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"போன வாரம் போரிங் லாரி வந்துச்சி சாரே. எங்க ஊருக்குத்தான்னு சொல்லிக்கினாங்க. ஊரே ரோட்டுல நிக்குது. எங்க ஊட்டுக்காரரு சின்னசாமி கையில கற்பூரத் தட்டோட நிக்கிறாரு. லாரி ஆரன் அடிச்சிக்கினு எங்களைத் தாண்டிப் போயி பக்கத்து ஊருல நின்னுடுச்சி. இவுரு கையில கற்பூரம் எரிஞ்சிக்கினே கீது."

"அய்யய்யோ."

"சமிதி ஆபீசுல போயிக் கேட்டேன். உங்க ஊருக்குத் தண்ணி தாராளம்னு யூனிவர்சிட்டிக்காரங்களே எழுதிக் குடுத்துட்டாங்க, அப்புறம் எதுக்குப் போரிங்குன்னு கேக்கறாங்க. ஒரு மைலு நடந்து, ஏரியைத் தாண்டி, ஒத்தைக் கிணத்துல தண்ணி சேந்தி வரோம் சாரே. இந்தப் பங்குனியில அதுவும் சேறாக் கீது. அந்த எழுத்தை அடிச்சிட்டு வேற எழுதிக் குடு. அதுக்குத்தான் வந்தேன்."

மாணவர்கள் ஏமாற்றிவிட்டார்களா? மரத்தடியில் உட்கார்ந்து தாமாகவே நிரப்பிவிட்டார்களா? ஏசுரத்தினம் பீரோவைத் திறந்து காரைமேட்டுப் படிவக் கட்டை எடுத்து, தெலுங்கில் கையால் எழுதிய படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினான்காவது படிவத்தில் கை நின்றது.

"சின்னசாமி மனைவி ஜெயம்மா. தண்ணீர் எவ்வளவு தூரத்தில்? வாசலிலேயே. போதுமா? தாராளம். இது நீங்க சொன்னதுதானே?"

ஜெயம்மா காபித் தம்ளரின் அடியைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"நான்தான் சொன்னேன்" என்றார்.

"ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன இன்னா சொல்லுவாங்க? வந்த பிள்ளைங்கள்ல ரெண்டு பொண்ணுங்க. அதுல ஒண்ணு வரதய்யபாளையத்துப் பொண்ணு. அது ஊருக்குப் போயிச் சொல்லாதா? எம் பையன் முனிகிருஷ்ணனுக்கு மூணு வருஷமாப் பொண்ணு பார்த்துக்கினு கீறோம். தண்ணி தூக்கற ஊருன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? யாரு வந்து கேட்டாலும் தண்ணி தாராளம்னு சொல்றது எங்க ஊர்க் கட்டுப்பாடு சாரே."

"ஒன்பது குடம் இருந்துச்சுன்னு பிள்ளைங்க கண்ணால பார்த்து எழுதியிருக்காங்களே. ஒவ்வொரு வீட்டிலேயும்."

"நம்முளுது இந்த ஒண்ணுதான். மிச்சம் எட்டும் இரவல். உங்க பிள்ளைங்க முன் வாசல் வழியா அடுத்த ஊட்டுக்குப் போறதுக்குள்ள, நாங்க தோட்டத்துப் பக்கமா குடத்தை எல்லாம் அங்க கொண்டுபோயி அடுக்கிடுவோம். அதுங்க பாவம், எழுதிக்கினே வருங்க. தலை நிமிந்து பார்த்தாத்தானே?"

வீட்டுக்குச் சராசரி ஒன்பது குடம் என்று பெருமையாக எழுதியது ஏசுரத்தினத்தின் நினைவுக்கு வந்தது. காரைமேடு முழுக்கவே ஒன்பது குடம்தான் இருந்திருக்கும்போல. கோபப்படலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தபோது, ஜெயம்மாவின் பார்வை ஜன்னல்மேல் போயிற்று.

"சாரே, அந்தத் திரை ஊட்டுத் திரையாட்டம் கீதே. ஓரத்துல மஞ்சக் கறை கீது."

தூரத்திலிருந்து தெரியாது என்ற நம்பிக்கை அந்த இடத்தில் போயிற்று. பொய் சொல்லி மழுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"என் வீட்டுச் சமையக்கட்டுத் திரைதாம்மா. நீங்க உக்காந்திருக்கிற நாற்காலி பக்கத்துத் துறையோடது. இந்தப் புஸ்தகம் எல்லாம் லைப்ரரியோடது. இன்னிக்குப் பெரியவங்க பார்க்க வராங்க."

ஜெயம்மா வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்ப உங்களுக்கும் ஒரு குடம்தானா சாரே?"

வேதாச்சலமும் சிரித்துவிட்டார். ஏசுரத்தினத்துக்கு முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜெயம்மா குடத்தை எடுத்துக்கொண்டு விலகி வராந்தாவில் போய் நின்றார்.

கமிட்டித் தலைவர் நாகையா ஹைதராபாத்திலிருந்து வந்தவர். மெட்ராசில் படித்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார், தெலுங்கு ராகத்தில். கூட இரண்டு உறுப்பினர்கள். மூவரும் தாவரவியல் நாற்காலிகளில் அமர்ந்தார்கள். நாகையா அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறிக்கொண்டே போயிற்று.

"பத்தொன்பது கிராமம். ஜீப் இல்லாமலேயா?"

"ஆமா சார்."

"பாகுந்தி, ரொம்ப நல்லா இருக்கு. புஸ்தகம் பீரோ நிறைய. நாற்காலி இருக்கு. திரைகூட இருக்கு." அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "தேவைகள், மேலும் வசதிகள் கிடைத்தால் நலம். மூணு வருஷமா இதே ஒரு வரிதான். ஏசுரத்தினம்காரு, நீங்களே சொல்லுங்க. ஒரு குறையும் இல்லாத இடத்துக்கு நாங்க எதுக்காகக் குடுக்கணும்? ஜீப்பும் ஆளும் கேட்டு அழுதுக்கிட்டு நிக்கிற ஸ்கூல் எத்தனையோ இருக்கு. போன வருஷம் அவங்களுக்குக் குடுத்தோம். இங்க எல்லா ஊரும் பார்த்து முடிச்சாச்சுன்னா இனி இந்த ஸ்கூல் தனியா எதுக்கு?"

மூன்று வருஷமாகத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தது அந்த நிமிஷம்தான் ஏசுரத்தினத்துக்குப் புரிந்தது. உள்ளதைச் சொல்லிவிடலாம். ஆனால் பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் பொய்யன் என்று வந்தால் ஸ்கூலை இன்றைக்கே மூடிவிடுவார்களே?

நாகையாவின் பார்வை வாசலுக்குப் போயிற்று. "அங்க குடத்தோட நிக்கிற அம்மா யாரு?"

"காரைமேட்டுக்காரங்க சார்" என்று வேதாச்சலம் முந்திக்கொண்டார்.

"ஓ, அந்தக் குறையற்ற கிராமமா? கூப்பிடுங்க, அவங்க வாயாலேயே கேப்போம். ஏம்மா, உங்க ஊர்ல தண்ணி வசதி எப்படி?"

ஜெயம்மா உள்ளே வந்தார். நாகையாவைப் பார்த்தார். வியர்த்து நின்ற ஏசுரத்தினத்தைப் பார்த்தார். சற்றுமுன் வயிற்றுக்குள் போன காபி அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யத் தெரியாத மனுஷி.

"தண்ணிக்கு இன்னா சாரே" என்றார், குரல் இறங்கி. "தாராளம்."

ஏசுரத்தினம் ஜெயம்மாவின் இடுப்பிலிருந்த காலிக் குடத்தைப் பார்த்தார். மூன்று பஸ் மாறி, நின்றுகொண்டே வந்து, தன் ஊருக்குக் கேட்க வந்த தண்ணீரை இந்த அம்மா என் மானத்துக்காக விட்டுக்கொடுக்கிறாரே. அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

"இல்ல சார்" என்று எழுந்தார். "அந்தம்மா எனக்காகப் பொய் சொல்றாங்க. தண்ணி தாராளமா இருந்தா காலிக் குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு இத்தனை தூரம் யாரு வருவாங்க? ஒரு மைல் நடந்து தண்ணி தூக்கற ஊர் சார் அது. நான் விசாரிக்காம எழுதினதால வந்த போரிங் லாரி ஊரைத் தாண்டிப் போயிடுச்சு."

பேசிக்கொண்டே காலியாக இருந்த ஒரு நாற்காலியைத் திருப்பிக் காட்டினார். புத்தக முத்திரையைக் காட்டினார். தேசப்படத்தைக் கழற்றினார், காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை ஈரக்கறை. "திரை என் வீட்டுது சார். நாங்க போயிட்டு வந்தது ஆறு ஊர்தான். அதுவும் பஸ்ஸுல. இருக்கிறது ரெண்டு வாத்தியார். படிவம் நகல் எடுக்க ஒரு ஸ்டென்சில் மெஷின் கிடையாது. மாணவர்களே கையால எழுதறாங்க."

ஓர் உறுப்பினர் இருமினார்.

"அந்த ஆறு ஊர்ல உண்மையா என்ன செஞ்சீங்க?" என்றார் நாகையா.

"முப்பத்தெட்டு பேருக்கு மனு எழுதிக் குடுத்தோம். அதுல பத்தொன்பது விதவைகளுக்குப் பென்ஷன் கிடைச்சுது. இங்க படிச்சவங்கள்ல பதினோரு பேர் சமிதி ஆபீசுங்கள்ல வேலையில இருக்காங்க. லஞ்சம் வாங்க மாட்டாங்கன்னு பேர் வாங்கியிருக்காங்க."

"இதை ஏன் அறிக்கையில எழுதல?"

"சின்னதாத் தெரிஞ்சுது சார்."

நாகையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்க் கணக்கு எழுதினது தப்பு. அதைக் குறிப்புல எழுதத்தான் போறேன், அதுல உங்களுக்குச் சலுகை கிடையாது. ஆனா ஒண்ணு. எங்க தெலுங்குல சொல்லுவோம், அடகந்தே அம்மயினா பெட்டது. கேக்காமப் போனா பெத்த தாய்கூடச் சோறு போட மாட்டா. நீங்க மூணு வருஷமா வயிறு நிறைஞ்சிருக்குன்னு சொல்லிக்கிட்டே பட்டினி கிடந்திருக்கீங்க." அவர் ஜெயம்மா பக்கம் திரும்பினார். "கார் இருக்கு. உங்க ஊரைப் பார்த்துட்டே வந்துடலாமா அம்மா?"

"போலாம் சாரே. ஆனா வெறும் வயத்தோட திரும்ப உட மாட்டேன்."

கார் காரைமேட்டுக்குள் நுழைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பெரிய மனிதர்கள் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்ட ஊர், தன் வழக்கப்படி உஷாராகிவிட்டது. தோட்டத்துப் பக்கமாகப் பித்தளைக் குடங்கள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஓடுவதை நாகையாவே கண்ணால் பார்த்தார். ஜெயம்மா காரின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் குரல் கொடுத்தார்.

"ஏய், குடத்தை எல்லாம் அங்கங்கயே வைங்கடி. இவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிப் போச்சி."

குடங்கள் நின்ற இடத்தில் நின்றன. ஓர் இளம்பெண் குடத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். நாகையா அடக்க முடியாமல் சிரித்தார். காரைமேடே சேர்ந்து சிரித்தது. பிறகு கமிட்டியார் மூவரும் ஏரி தாண்டி அந்த ஒற்றைக் கிணறுவரை நடந்தார்கள். திரும்பி வரும்போது யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் வேதாச்சலம் புது அறிக்கையை டைப் அடித்தார். சாதனைகள் ஒரு பக்கம், தேவைகள் நாலு பக்கம். முதல் பிரதியோடு சமிதி ஆபீசுக்கு ஒரு கடிதமும் போயிற்று. காரைமேட்டுக்குத் தண்ணீர் இல்லை, எழுதியது எங்கள் தவறு என்று ஏசுரத்தினம் அதில் கையெழுத்துப் போட்டார். நாகையா சொன்னபடியே கண்டனக் குறிப்பும் வந்தது. அதோடு இன்னொரு தாளும் வந்தது. ஸ்கூல் தனியாகவே நடக்கலாம். ஒரு விரிவுரையாளர், ஒரு ஸ்டென்சில் மெஷின், சொந்தமாகப் பன்னிரண்டு நாற்காலி. ஜீப் மட்டும் இல்லை. யூனிஸுக்குத் திரை திரும்பக் கிடைத்தது.

ஆனி மாதத்தில் காரைமேட்டில் போரிங் இறங்கியது. அடிபம்பில் தண்ணீர் வந்த அன்று ஏசுரத்தினமும் மாணவர்களும் பஸ்ஸில் போயிருந்தார்கள். சின்னசாமி அணையாத கற்பூரத்தோடு இந்த முறை சரியான இடத்தில் நின்றார். முனிகிருஷ்ணனுக்குப் பெண் பேசி முடிந்திருந்தது. ‘தண்ணி இப்பத்தான் வந்துச்சி, கூரை இன்னும் ஒழுகுது, மாத்தணும்’ என்று ஜெயம்மா சம்பந்தியிடம் முதல் பேச்சிலேயே போட்டு உடைத்துவிட்டாராம். உள்ளதைச் சொல்கிற வீடு என்று அவர்களும் தட்டை மாற்றிக்கொண்டார்கள்.

மாணவர்கள் புதுப் படிவங்களோடு ஜெயம்மா வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஜெயம்மா ஒற்றைக் குடத்திலிருந்து எல்லோருக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

"முதல்ல குடிங்க. அப்புறம் குந்திக்கினு எழுதுங்க. எங்க ஊர்க் குறை நிறையக் கீது, ஒண்ணுவிடாமச் சொல்றேன்."

"எல்லாத்தையும் சொல்லிடுவீங்களா?" என்று சிரித்தார் ஏசுரத்தினம்.

"சொல்லாம? நீங்களும் உங்க ஸ்கூலுக்கு ஒழுங்காக் கேட்டு வாங்குங்க சாரே. இல்லாததை இருக்குதுன்னு சொன்னா மானம் நிக்கும்னு நெனைச்சோம். மானம் எங்க நின்னுச்சி? குடுக்க வந்த லாரிதான் நிக்காமப் போயிடுச்சி."